முப்பத்திரண்டும்

"எல்லாப் பல்லையும் புடுங்கிடுங்க, டாக்டரய்யா. ஒண்ணும் மிச்சம் வேணாம்."

ஏலாக்குறிச்சியிலிருந்து வந்திருந்த லூர்துராஜ் வாயை ஆவென்று திறந்தான். அரியலூர் டாக்டர் பாலசுந்தரம் விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஈறு லேசாகச் சிவந்துகூட இல்லை.

"ஏன்யா, கரும்பு கடிக்கிற பல்லு. இதைப் போய் எவன் புடுங்குவான்?"

"நீங்கதான் எழுதிக் குடுத்தீங்க."

மடியிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினான். டாக்டரின் கையெழுத்துதான். யுத்தம் முடிந்த வருஷம் எழுதியது. 'நீரிழிவு. ஈறெல்லாம் சீழ். பல்லை எடுத்தால்தான் கால் புண் ஆறும்.' பேர் இருந்த இடம் மட்டும் வியர்வையில் கலைந்திருந்தது.

டாக்டர் அவன் காலைப் பார்த்தார். புண்ணும் இல்லை, தழும்பும் இல்லை. மூத்திரத்தை வாங்கி நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினார். சர்க்கரை இருந்தால் செங்கல் நிறமாகியிருக்கும். அது நீலமாகவே நின்றது.

"உனக்குச் சர்க்கரையே இல்லப்பா. அதிர்ஷ்டக்காரன். வூட்டுக்குப் போ."

லூர்துராஜ் எழுந்திருக்கவில்லை. வராந்தாவில் யாரிடமோ பொக்கை வாயால் சிரித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தம்மா பல்லு நீங்க எடுத்ததுதானுங்களே?"

"கீழப்பழுவூர் செல்வம்மாளா? ஆமா. பல்லை எடுத்ததும் ஈறு வீக்கம் வத்துச்சு, சர்க்கரையும் எறங்குச்சு. காலையே எடுக்கணும்னு இருந்தோம். இப்ப களை எடுக்கப் போவுது."

"தெரியுங்க. போன வாரம் சந்தையில நடந்து போனதப் பாத்தேன். அன்னையிலேர்ந்து சோறு எறங்கல. எடுத்துடுங்கய்யா. அப்பதான் எனக்குத் தூக்கம் வரும்."

"பைத்தியமாய்யா உனக்கு? வேதக்காரன்தானே நீ? உங்க சாமியார்கிட்ட போய்ப் புத்தி கேளு."

"கேட்டுட்டேங்க. செஞ்ச பாவத்தச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணேன். மூணு ஜெபமாலை சொல்லச் சொன்னாரு."

"அப்புறம் என்ன? சொல்லிட்டு நிம்மதியா இரேன்."

"மூணு ஜெபமாலை எப்படிங்க பத்தும்?" லூர்துராஜ் அழுதுவிட்டான். "அந்தச் சீட்டு எம் பொண்டாட்டி இன்னாசிமேரிக்கு எழுதுனதுங்க. 'பொக்க வாயோட என் முன்னாடி நிக்காத, ஊரு சிரிக்கும்'னு நான்தான் சீட்டப் புடுங்கிக் கூரை எரவாணத்துல சொருகி வெச்சேன். கால் புண்ணு ஆறவே இல்ல, போன தவக்காலத்துல அவளப் பொதச்சோம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் வாயைத் திறந்து காட்டினான்.