கடைசிச் சொட்டு வரை

நெதர்லாந்தின் குரோனிங்கனில் நாங்கள் கேல் கீரையை உருளைக்கிழங்கோடு மசித்து, மேலே கொழுத்த சாசேஜ் வைத்துத்தான் தின்போம். என் மனைவி ஹில்யே அந்தக் கீரையை மிக்ஸியில் பச்சையாக அடித்து நீட்டினாள்.

"இதை மாட்டுக்குக் குடு."

"மாடே குடிக்காது. நீ மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடி, வீபே. உன் உடம்பு நல்லாயிருக்கணும்."

பன்னிரண்டு வருஷத்தில் எனக்கு ஒரு காப்பிகூடப் போட்டுத் தராதவள். மூன்று மாதம் தினமும் ஏழு மணிக்கு அடித்துக் கொடுத்துவிட்டு, நான் கடைசிச் சொட்டைக் குடிக்கும்வரை எதிரிலேயே நின்றாள். என் பீரை நிறுத்தினாள். பதினொரு கிலோ குறைந்தேன். கசப்பு எனக்குப் பிடித்துப்போயிற்று.

"கல்லீரல்ல இப்ப கொழுப்பே இல்ல" என்று டாக்டர் சொன்னபோது, ஹில்யே என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அடுத்த மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பினேன். மறுநாள் காலை, வயிற்றுத் தையலைப் பிடித்தபடி சமையலறைக்கு வந்தேன். ஹில்யே மிக்ஸியைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"என் ஜூஸ் எங்க?"

"மிக்ஸி என் அண்ணன் வீட்டுக்குப் போகுது. உன் கல்லீரல்ல பாதி இப்ப அவன்கிட்டதானே இருக்கு, அதை நல்லாப் பாத்துக்க வேண்டாமா?"

பெட்டியை ஒட்டி முடித்துவிட்டுச் சொன்னாள்:

"உனக்கு ஃப்ரிட்ஜ்ல பீர் இருக்கு."