அடுகோடியில் ஏறுபவள்

காலை கேபில் நான் போனது இரண்டு மாதமா, மூன்று மாதமா என்று எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஓர் அலுவலகத்தில் தற்காலிக வேலையில் இருந்தேன். என்ன வேலை என்று யாரும் சொல்லவில்லை. ஒரு நாள் அட்மின் பிரிஜெட் மேடம் கூப்பிட்டார்.

“அச்யுத், காலை கேப்ல முதல்ல ஏறுற லேடீஸ் தனியா வரக்கூடாதுன்னு ரூல். நாளைலேர்ந்து லவினாகூட நீங்க வாங்க. அவ நல்ல ஃபீட்பேக் குடுத்தா உங்கள பர்மனென்ட் பண்ணச் சொல்றேன்.”

மறுநாள் நான் முதலிலேயே வண்டியில் ஏறிக்கொண்டேன். அடுகோடியில் டிரைவர் முனிராஜு நிறுத்திக் கதவைத் திறந்தார். யாரும் ஏறவில்லை. கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பினார்.

“மேடம் வரலையா?”

“பக்கத்துலதானே குந்தியிருக்காங்க? பைய மடியில வெச்சுக்கோ குரு, அவங்களுக்கு இடிக்குது.”

வேலை போய்விடுமோ என்ற பயத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டேன். ஏறியவர்கள் கையெழுத்திடும் டிரிப் ஷீட்டில் லவினாவின் கையெழுத்து தினமும் இருந்தது.

அந்த ஊரில் எனக்குப் பேச ஆள் இல்லை. ஒரு வாரம் கழித்து அந்தக் காலி இருக்கையிடம் பேசத் தொடங்கினேன். நான் பேசும்போது முனிராஜு ரேடியோவைக் குறைத்துவிடுவார்.

“என்ன மாயம் பண்ணீங்க அச்யுத்? அவ யாரையும் நல்லா சொன்னதே இல்ல,” என்று பிரிஜெட் மேடம் சிரித்தார். எனக்கு வேலை நிரந்தரமானது. கேபில் போவது நின்றது.

பிரிஜெட் மேடம் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறார். முனிராஜு அத்திபெலேயில் சொந்த வண்டி ஓட்டுகிறார். நான் அதே அலுவலகத்தில்தான் இருக்கிறேன். நான் கேபில் போவது நின்ற மறுவாரமே லவினா வேலையை விட்டுவிட்டாள். காலையில் தனியாக வரப் பயமாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருந்தாள்.