பச்சை காட்டும் பட்டை

இப்போதெல்லாம் எவனும் எதிரில் நிற்கிறவன் முகத்தைப் பார்ப்பதில்லை, திரையைத்தான் பார்க்கிறான். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். எனக்கே இது தெரிகிறது.

பிள்ளைகள் மணிக்கட்டில் மனசைக் காட்டும் பட்டை கட்டியிருக்கிறார்கள். பச்சை என்றால் வகுப்புக்குள் விடுவார்கள். சிவப்பு வந்தால் ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், பரீட்சையும் எழுத முடியாது.

ஒன்பதாவது படிக்கும் யாழிசை ஒரு மாதமாகக் காலையில் பட்டையைக் கழற்றி என்னிடம் நீட்டுகிறாள். "சாயங்காலம் வரைக்கும் போட்டுக்குங்க தாத்தா. சிவப்பு வந்தா அம்மா கொன்னுடும்." பகல் முழுக்க வளாகத்தில் வேனுக்குள் படுத்துக் கிடக்கிறவன்தானே என்று நானும் போட்டுக்கொண்டேன். என் தப்புதான்.

இன்று பிரேயரில் அவளுக்கு 'மனநலச் செல்வி' என்று பதக்கம் கொடுத்தார்கள். அதோடு வந்து வேன் படியில் உட்கார்ந்து அழுதாள். "தூக்கமே வரல தாத்தா. ஸ்கூல் கேட்டைப் பார்த்தாலே திரும்பி ஓடிடலாம் போல இருக்கு."

ஆலோசகர் மிஸ்ஸிடம் கூட்டிப் போனேன். அவர் மேசையில் இருந்த திரையைப் பார்த்தார்.

"பச்சைதானே காட்டுது, பெரியவரே?"

"அது என் கையில கெடக்கு தாயி! புள்ள மூஞ்சியப் பாரு!"

நான் கத்தியதும் திரையில் யாழிசையின் பெயர் சிவப்பானது. மிஸ் பதறி எழுந்தார். "ஐயோ, இவளுக்கு என்னாச்சு?"

பட்டையை மேசையில் கழற்றிப் போட்டேன்.

"கழட்டவே முடியாத பட்டை அடுத்த மாசம் வருது, பெரியவரே. அப்புறம் தப்பே நடக்காது."

"நல்லாக் கட்டுங்க" என்று சொல்லிவிட்டு, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தேன். மிஸ் இன்னும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.