கடைசி அடியில் தப்பு

“உன் சாவுச் சேதி வந்தா சிவப்பு கவுன் போட்டு ஆடுவேன்” என்று ஆர்ஸெல்லா பாடி முடித்ததும் ஒலிப்பதிவு விளக்கு அணைந்தது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் மிஸ்டர் ப்ரென்ட் இரண்டு கைகளையும் தூக்கிக் குதித்தார். அவர் குதித்து சிகாகோவில் யாரும் பார்த்ததில்லை.

பியானோவில் இருந்த லெமுவேலுக்குப் பெருமை பிடிபடவில்லை. பாட்டு முழுக்க அவள் எழுதியது. கடைசி அடியில் அந்தச் சிவப்பு கவுன் மட்டும் அவன் உபயம்.

ஆர்ஸெல்லாவின் புருஷன் ஈஷம், ஏப்ரலில் தெற்கே ஆற்றங்கரை உயர்த்தும் வேலைக்குப் போனவன். நவம்பராகியும் ஆளைக் காணோம். மெம்பிஸில் ஒரு சலவைக்காரியோடு அவனைப் பார்த்ததாக நாலு பேர் சொன்னார்கள். அந்த நாலு பேரும் மெம்பிஸுக்குப் போனதே இல்லை என்பது வேறு விஷயம்.

அவளுடைய கடைசி இரண்டு இசைத்தட்டுகளும் விலை போகவில்லை. இதுவும் படுத்தால் வேறு வேலை பார்த்துக்கொள் என்று ப்ரென்ட் காலையிலேயே சிரித்த முகமாகச் சொல்லியிருந்தார்.

“அக்கா, இது போற வேகத்துல ஈஷம் மச்சானே ஒண்ணு வாங்கிடுவாரு.”

“வாங்கட்டும்டா. அவ துணி துவைக்கிறப்ப பக்கத்துல வச்சுக் கேக்கட்டும்.”

அப்போது ரயில் போர்ட்டர் ஒருவர் தொப்பியைக் கழற்றியபடி உள்ளே வந்தார். தெற்கிலிருந்து வரும் கடிதங்கள் தபாலைவிட போர்ட்டர்களின் கோட்டுப் பையில் சீக்கிரம் வந்து சேரும். ஆர்ஸெல்லா ஜன்னலோரம் நின்று படித்தாள். நாலாக மடித்தாள்.

“என்னக்கா, மச்சான் மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்காரா?”

“இல்லடா. அவன் இனிமே எதுவும் கேக்க மாட்டான்.”

“அப்படிப் போடு!” என்று லெமுவேல் பியானோவில் ஒரு தட்டுத் தட்டினான்.

அவள் நேராகக் கண்ணாடிப் பக்கம் போனாள். “சார், இப்பப் பாடினதை ஒரு தடவை போட்டுக் காட்டுங்க.”

“விளையாடுறியா? அது பதியுற மெழுகுத் தட்டு. ஊசி ஒரு தடவை ஓடினா அவ்வளவுதான், மொத்தத்தையும் வழிச்சுப் போட வேண்டியதுதான். ஏழு வருஷமாப் பாடுற, தெரியாதா உனக்கு?”

“கடைசி அடியில தப்பு இருக்கு சார். வெளிய போனா நல்லாருக்காது.”

“ஒரு தப்பும் இல்லக்கா!” என்று லெமுவேல் பதறினான்.

“தப்புதான்டா.” அவள் குரல் ஏறவில்லை. “போடலைன்னா மிச்சப் பாட்டு எதையும் பாட மாட்டேன் சார். அலமாரியில இன்னும் ரெண்டு மெழுகுத் தட்டு பதியறதுக்குத் தயாரா சூடாத்தானே இருக்கு?”

ப்ரென்ட் கடவுளையும் பாடகிகளையும் ஒரே மூச்சில் திட்டிவிட்டு ஊசியை வைத்தார். மூன்று நிமிடம் அவள் குரலே கரகரவென்று ஈஷமைத் திட்டியது. செருப்புத் தேய அலையச் சொன்னது, சோறு கிடைக்காமல் போகச் சொன்னது. சிவப்பு கவுன் வந்தபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஊசி நின்றது. மெழுகுச் சுருள்களை ப்ரென்ட் ஊதித் தள்ளினார். பாட்டு போய்விட்டது.

புதுத் தட்டு ஏறியது. “திருத்திப் பாடு, சீக்கிரம்.”

விளக்கு எரிந்தது. லெமுவேல் முன்னிசையை வாசித்தான். அவள் பாடவில்லை. மறுபடி வாசித்தான். அப்போதும் அவள் வாய் திறக்கவில்லை. மூன்றாவது தடவை பாதியிலேயே அவன் விரல்கள் தாமாக நின்றன.

“என்னதான் ஆச்சு? எந்த வார்த்தை தப்பு?” என்று ப்ரென்ட் கண்ணாடியைத் தட்டினார்.

அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. கடிதத்தை எடுத்து லெமுவேலின் விரல்களுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“அவன் ஓடிப் போகலடா லெம்... ஏப்ரல்ல கரை உடைஞ்ச அன்னிக்கே ஆத்தோட போயிட்டான்.”