தங்கூசிக் கிற்றார்

ஹியூபேட்டின் இடது தோள் விண் விண்ணென்று தெறிக்கிறது. வெள்ளவத்தையில் றெயில் பாதையோரத்துக் கோப்பிக் கடையொன்றில், பெயர் கொடுத்த எவரும் பாடலாம் என்று ஓப்பன் மைக் நடக்கிறது. மைக்குக்கு முன்னால் இருப்பவன் லீனஸ், புறக்கோட்டையில் ஹியூபேட்டோடு மூட்டை தூக்குகிறவன். அவன் மடியிலிருக்கும் கிற்றார் ஹியூபேட் செய்தது. தேயிலைப் பெட்டிப் பலகையை மூன்று மாதம் செதுக்கி, முகத்துவாரத்து மீன்காரரிடம் வாங்கிய தங்கூசியை, தூண்டில் போடும் நைலோன் இழையை, நரம்பாகக் கட்டியிருக்கிறான். அதை முதலில் மேடையில் வாசிப்பது தானே என்றிருந்தான். “ஒரே ஒரு பாட்டு மச்சான், நான் முதல்ல போறன்” என்று லீனஸ் கேட்டபோது மறுக்க முடியாமல் கிற்றாரை நீட்டிவிட்டான். சாயங்கால வெயில் பலகையில் பாதி அழிந்த பெட்டி இலக்கத்தின்மேல் விழுகிறது. ஹியூபேட்டின் கையில் முனகிய கிற்றார் லீனஸின் கையில் துள்ளுகிறது. றெயில் தடதடத்துக் கடக்க, லீனஸ் நிறுத்தாமல் அந்தத் தடதடப்புக்கே தாளத்தை மாற்றுகிறான். சனம் மேசையில் தட்டி ஆரவாரிக்கிறது. ஒரு நரம்பாவது அறுந்து தொலையாதா என்று ஹியூபேட் பார்த்துக்கொண்டிருக்கிறான். லீனஸ் வியர்வையோடு இறங்கி வருகிறான். “நானே செய்ததெண்டு நினைச்சிட்டாங்கள் மச்சான்!” “நீ இல்லையெண்டு சொன்னியா?” “சொல்ல எங்க விட்டவங்கள்?” கிற்றார் இன்னும் லீனஸின் உடம்புச் சூட்டோடு ஹியூபேட்டின் கைக்கு வருகிறது. ஹியூபேட்டின் பெயரைக் கூப்பிடுகிறார்கள். தொண்டைவரை வந்த தூஷணத்தை அவன் விழுங்குகிறான். மூட்டை தூக்குகிறவர்களுக்குள் உதவிக்குச் சல்லி கொடுப்பதில்லை, மூட்டைக்கு மூட்டை திருப்பித் தூக்குவதுதான். தோள் பிடித்துக்கொண்ட செவ்வாய்க்கிழமை லீனஸ் அவனுக்காகத் தூக்கிய நாற்பது சீனி மூட்டைகளை ஹியூபேட் இன்னும் திருப்பித் தூக்கிக் கொடுக்கவில்லை.