பன்னிரண்டாம் அறையின் இரண்டாவது தட்டு

அமெரிக்காவின் டுலூத் நகரில் ஒரு முதியோர் இல்லத்துக்கு மாரிட் எழுதிய புதுக் கணினி நிரலில் பிழை. அந்தக் கணினி மொழியில் ஜனவரி பூஜ்யமாவது மாதம். அவள் பழக்க தோஷத்தில் ஒன்று என்று எழுதிவிட்டாள். மரணத் தேதிகள் ஒரு மாதம் தள்ளிப் பதிவாயின. ஜனவரி ஒன்பதில் இறந்த பன்னிரண்டாம் அறை ஆர்விதுக்குப் பிப்ரவரி ஒன்பதுவரை சாப்பாட்டுச் சீட்டு வந்தது.

"யாருமே கவனிக்கலையா?" என்று மாரிட் சமையற்காரி டார்லீனைக் கேட்டாள்.

"சீட்டு வந்தா அனுப்புவோம். அவருக்கும் அவரு சம்சாரத்துக்கும் போன தட்டு ரெண்டும் காலியாத்தானே திரும்பி வந்துச்சு? கடைசி நாள் மட்டும் ஒண்ணு தொடாம வந்துச்சு."

மாரிட் பன்னிரண்டாம் அறைக்குப் போனாள். ஆர்விதின் மனைவி ஹில்மா காலிக் கட்டிலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"தப்பு என்னோடதுதாம்மா. ரெண்டு தட்டையும் நீங்களா சாப்பிட்டீங்க?"

"எனக்கு ஒண்ணே இறங்காது. தரை உறைஞ்சு கெடக்கு, பனி உருகினாத்தான் புதைக்க முடியும்னு அவரைக் கல்லறைக் கிடங்குல வச்சிருக்காங்க. அங்கேருந்து வேளாவேளைக்கு வந்தாரு, உன் கணக்குல செத்த அன்னிக்குத்தான் வரல. விரல் மடங்கல. நான்தான் ஊட்டிவிட்டேன்."

ஹில்மா மாரிட்டின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"என் தேதியைச் சரியாப் போட்டுடு கண்ணு. எனக்கு ஊட்டிவிட ஆள் கெடையாது."