மகரத்துக்கு இன்று

"ஏங்க, ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, இன்னொரு நாள் வெச்சுக்கலாம்னு சொல்லிடுங்க."

செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே மனைவி சொன்னாள்.

வாசல் பக்கம் பை தயாராக இருந்தது. ராத்திரியிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கால் மணி நேரத்தில் டாக்சி வந்துவிடும். வயிற்றில் இருக்கும் கட்டியை இனிமேலும் விட்டுவைக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி, மூன்று வாரம் நடையாய் நடந்து வாங்கிய தேதி இது.

என்ன ஆச்சு என்று கணவர் கேட்டார். அவள் எட்டாம் பக்கத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். ராசிபலன். விரல் மகரத்தின் மேல் இருந்தது.

'அவசரம் ஆகாது. விலகிப் போவதை விலகிப் போக விடுங்கள். இன்று களம் இறங்காமல் இருப்பதே உத்தமம்.'

அவர் அதைப் படித்துப் பார்க்கவில்லை. படிப்பானேன்? எழுதியவரே அவர்தான்.

இருபத்திரண்டு வருஷம் கிரிக்கெட் எழுதியவர். எதைக் கேட்டாலும் மூன்று தடவை யோசித்துத்தான் பதில் சொல்வார் என்பதால் ஆபீசில் அவர் பெயர் தேர்ட் அம்பயர். நான்கு மாதத்துக்கு முன் பத்திரிகையில் ஆட்குறைப்பு வந்தது. விளையாட்டுச் செய்தியை ஏஜென்சியிடம் வாங்கிப் போட்டால் போதும் என்று முடிவாயிற்று.

யாரையும் வெளியே போ என்று சொல்லவில்லை. அதற்குத்தான் வேறு வழி இருக்கிறதே. ஹாக்கி எழுதியவரைச் சமையல் குறிப்புக்கு மாற்றினார்கள். டென்னிஸ்காரர் தலையில் காய்கறி விலை. தேர்ட் அம்பயருக்கு ராசிபலன். அதுவரை அதை எழுதிக்கொண்டிருந்த ஜோசியரை முதல் சுற்றிலேயே வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பாவம், அது அவருக்கே முன்கூட்டித் தெரியவில்லை. போட்டோவும் பெயரும் மட்டும் இன்னும் அவருடையதுதான்.

ரோஷம் வந்து தாங்களாகவே ராஜினாமா கொடுத்துவிடுவார்கள் என்று நிர்வாகம் நினைத்தது. ஹாக்கிக்காரர் கொடுத்துவிட்டுப் போனார். இவரால் முடியவில்லை. வேலை போனால் மருத்துவக் காப்பீடும் கூடவே போய்விடும். அதை நம்பித்தான் இந்த ஆபரேஷன்.

வீட்டில் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. இப்போதெல்லாம் கட்டுரையில் யார் பெயரும் போடுவதில்லை என்று ஒரு பொய். ஆபீஸ் டி.வி.யில் பார்த்தே மேட்ச் எழுதச் சொல்கிறார்கள் என்று இன்னொரு பொய். வாயைத் திறந்தால் எங்காவது உளறிவிடுவோம் என்ற பயத்தில் பேச்சையே குறைத்துக்கொண்டார். சாப்பிட்டார், படுத்தார், எழுந்து போனார்.

ஜோசியத்தில் அவருக்கு ஆனா ஆவன்னா தெரியாது. தன்னுடைய பழைய மேட்ச் ரிப்போர்ட்டுகளைத் தோண்டி எடுப்பார். எதிரணி என்பதை எதிரிகள் என்றும், கேப்டன் என்பதை மேலதிகாரி என்றும் மாற்றுவார். பன்னிரண்டு ராசிக்கும் பங்கு போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். ஒரு நாள் மாற்ற மறந்து, 'ரிஷப ராசிக்காரர்கள் முதல் பத்து ஓவர் நிதானம் காக்கவும்' என்று அச்சாகியே வந்துவிட்டது. ஏன் என்று கேட்க ஒரு நாதி இல்லை. அன்றைக்குத்தான் அவருக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

நேற்று மகரத்தின் பங்குக்கு விழுந்தது, காயத்தோடு இறங்கி, வெளியே போகும் பந்தைத் துரத்தி அவுட்டான ஒரு தொடக்க ஆட்டக்காரரைத் திட்டி எழுதிய பத்தி.

"ஜோசியமாவது மண்ணாங்கட்டியாவது. கிளம்பு."

அவள் அசையவில்லை. உடம்புக்கு வந்ததிலிருந்து பேப்பரில் இந்தப் பக்கத்தைத்தான் அவள் முதலில் எடுக்கிறாள். பயம் யாரைத்தான் விட்டது என்று அவரும் ஒன்றும் கேட்டுக்கொண்டதில்லை.

வெளியே ஹாரன் சத்தம் கேட்டது.

சொன்னால் நாலு மாதப் பொய்யும் பல்லிளித்துவிடும். சொல்லாவிட்டால் அவள் பையைப் பிரித்துத் துணியை அலமாரியில் அடுக்க ஆரம்பித்துவிடுவாள். இந்த ஒரு தடவை மூன்று முறை யோசிக்க நேரமில்லை.

"அந்த ஜோசியர் எப்பவோ போயிட்டார். நாலு மாசமா அதை நான்தான் எழுதுறேன். விளையாட்டுப் பக்கத்துல இப்ப எனக்கு இடம் இல்ல."

அவள் திடுக்கிடுவாள், கோபப்படுவாள், குறைந்தபட்சம் ஏன் மறைத்தீர்கள் என்றாவது கேட்பாள் என்று எதிர்பார்த்தார்.

"தெரியும்," என்றாள். "இத்தனை வருஷமா உங்க எழுத்தைப் படிக்கிறேன், இதுகூடத் தெரியாதா? வீட்ல ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறாரு, ஆனா மகரத்துல தினம் எனக்குன்னு ரெண்டு வரி எழுதிடறாரேன்னு நெனச்சுக்கிட்டேன். அதுலதான் என் பொழுது ஓடிச்சு."

டாக்சிக்காரர் மறுபடியும் ஹாரன் அடித்தார். அவள் செய்தித்தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நேத்து வரைக்கும் தைரியமா இரு, தைரியமா இருன்னு எழுதினீங்க. இன்னைக்குப் போகாதேன்னு எழுதியிருக்கீங்க. டாக்டர் உங்ககிட்ட தனியா என்ன சொன்னார்?"

டாக்டர் அவரிடம் தனியாக ஒன்றுமே சொல்லவில்லை.

அவள் மகர ராசி என்பதே அவருக்கு இன்று காலையில்தான் தெரியும்.